பாதி உடம்புக்குப் போட்ட ஊசி

பொன்னுச்சாமிக்குக் குதிகால் வலி வந்த பிறகுதான், மனிதனுக்குக் குதிகால் என்று ஒன்று இருப்பதே ஒத்தப்பனையேந்தல்காரர்களுக்குத் தெரியவந்தது. அதற்கு முன்னால் அந்த ஊரில் யாருக்கும் குதிகால் இருந்ததில்லை. வேகாத வெயிலில் மிளகாய்ப்பழம் பறித்தவர்களுக்கு இல்லை. முள்ளுக்காட்டில் ஆட்டுக்குப் பின்னால் நடந்தவர்களுக்கு இல்லை. ஊருணியிலிருந்து நாளைக்கு எட்டு நடை தண்ணீர் சுமந்த பெண்டுகளுக்குச் சுத்தமாக இல்லை. அறுபது ஏக்கர் கரிசலுக்குச் சொந்தக்காரருக்கு வந்தால்தான் அது வலி. மற்றவர்களுக்கு வந்தால் அலுப்பு.

வலி வந்த மூன்றாம் நாளே ஊர் முழுக்கத் துக்கம் விசாரிக்க வந்துவிட்டது. பொன்னுச்சாமி கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, தன் குதிகாலைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். செங்கலைச் சூடு பண்ணி, அதன் மேல் பழுத்த எருக்கிலையைப் போட்டு மிதிக்கச் சொன்னார்கள். மிதித்தார். செங்கலை அடுப்பில் போட்டதும், இடுக்கியால் எடுத்துக்கொண்டு ஓடி வந்ததும், சூடு ஆறினால் மறுபடியும் கொண்டு ஓடியதும் அவர் மனைவி ராமலெட்சுமி. அப்படி ஓடிய ராமலெட்சுமிக்கும் அதே வலி, அதே இடத்தில், ஆறு வருஷமாக இருந்தது. அதற்கு யாரும் துக்கம் விசாரிக்க வரவில்லை.

எருக்கிலைக்கு அடங்கவில்லை என்றதும் மாசி மாதக் கடைசியில் பொன்னுச்சாமி முதுகுளத்தூருக்கு பஸ் ஏறினார். தூக்குவாளியும் தண்ணிச் செம்பும் சுமக்க ஓர் ஆள் வேண்டும் என்று ராமலெட்சுமியையும் கூட்டிக்கொண்டார். அங்கே டாக்டர் சலாஹுதீன் என்று ஒருவர் புதிதாக டிஸ்பென்சரி வைத்திருந்தார். திருப்பாலைக்குடிப் பக்கத்துப் பையன். மதராசில் படித்துவிட்டு வந்தவர், முப்பது வயதுகூட இருக்காது. காலைப் பிடித்துக் குதிகாலின் உள்பக்கத்தை ஓர் அமுக்கு அமுக்கினார். பொன்னுச்சாமி போட்ட சத்தத்தில் வெளியே நின்ற ஆடு மிரண்டது.

"காலையில எந்திரிச்சு மொத அடி வைக்கையில ஆணி ஏறுன மாதிரி இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

பொன்னுச்சாமி தலையாட்டினார்.

"பத்துத் தப்படி நடந்தா கொஞ்சம் தேவலைன்னு இருக்கும். செத்த உக்காந்து எந்திரிச்சா மறுபடி குத்தும். சரிதானா?"

அதற்கும் தலையாட்டினார். பின்னால் தூக்குவாளியோடு நின்ற ராமலெட்சுமியும் ஒவ்வொரு கேள்விக்கும் தலையாட்டினாள். அதை யாரும் பார்க்கவில்லை. ஆறு வருஷமாகத் தனக்கு மட்டும் பிடித்த சனியன் என்று நினைத்திருந்ததை, யாரோ ஒரு பிள்ளை கூடவே படுத்து எழுந்தவன் போலச் சொல்கிறானே என்று அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இதற்குப் புதிதாக ஓர் ஊசி வந்திருக்கிறது என்றார் டாக்டர். ஹைட்ரோகார்ட்டிசோன் என்று பெயர். கையிலோ இடுப்பிலோ போடுவதில்லை, வலிக்கிற குதிகாலிலேயே இறக்க வேண்டும். மதராசுக்கு எழுதித்தான் வரவழைக்க வேண்டும், ஒரு வாரம் ஆகும். அவ்வளவையும் ராமலெட்சுமி ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள். அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு ஓர் ஆசை. நகை ஆசை இல்லை, சேலை ஆசை இல்லை. ஊசி ஆசை. நாற்பத்திரண்டு வயதில் ஒரு பொம்பளைக்கு வரக்கூடிய ஆசையா இது என்று அவளே தன்னை எத்தனையோ தரம் திட்டிக்கொண்டாள். காலையில் முதல் அடி வைக்கும்போது அந்த ஆசை மறுபடியும் வந்துவிடும்.

ஒரு வாரத்தில் வர வேண்டிய மருந்துக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள்.

இங்கேதான் சிக்கல். அந்த ஊர் அம்மனுக்கு முதல் அக்கினிச்சட்டி எடுக்கிற உரிமை பொன்னுச்சாமி வீட்டுக்கு. அவர் அய்யா எடுத்தார், அய்யாவின் அய்யா எடுத்தார். எரிகிற சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வெறுங்காலோடு ஊரைச் சுற்றி வர வேண்டும். அதற்காகக் கையில் மஞ்சள் காப்புக் கட்டிவிட்டால் சட்டி எடுத்து முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, சவரம் கூடாது, காப்புக் கட்டின உடம்பில் இரும்பு படக்கூடாது, ஒரு சொட்டு ரத்தம் வெளியே வரக்கூடாது. சட்டி எடுக்க முடியாமல் போனால் உரிமை அடுத்த பங்காளிக்கு. அடுத்த பங்காளி இருளாண்டி. பொன்னுச்சாமியின் சித்தப்பா மகன். பத்து வருஷமாக அந்தச் சட்டி மேல் கண்ணாக இருப்பவன்.

டாக்டர் நாளைக்கு மருந்தோடு ஊருக்கே வருகிறார் என்று தகவல் வந்த அன்று சாயங்காலம் பொன்னுச்சாமி வீட்டு முற்றத்தில் கூட்டம் கூடியது. பூசாரி சின்னச்சாமி வந்தார். கூப்பிடாமலே இருளாண்டி வந்தான்.

"ஊசின்னா இரும்புதானண்ணே" என்றான் இருளாண்டி, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "குத்துனா ரத்தம் வருமே. ஆத்தா காரியம் பாருங்க. ஒங்க காலு வலியைப் பாத்தா எனக்கு நெஞ்சே ஆறலை. இந்த வருசம் நீங்க சும்மா இருங்க, சட்டிய நான் பாத்துக்கிறேன்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பொன்னுச்சாமி பூசாரியைப் பார்த்தார். பூசாரி கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். சொன்னால் பெரிய வீட்டுப் பகை, சொல்லாவிட்டால் ஆத்தா பகை.

"இரும்பு ஆகாதுதான். ஆனா அய்யா காலும் முக்கியம்தான்" என்று இழுத்தார்.

ஊசி போட்டால் விரதம் முறியும், சட்டி போகும். போடாவிட்டால் ஊரைச் சுற்றி நடக்க முடியாது, அப்போதும் சட்டி போகும். அரை நாழிகை எல்லோரும் தொண்டையைச் செருமினார்கள். மீசை வைத்த ஏழெட்டு ஆம்பிளைகள் ஒரு குதிகாலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு முழித்த முழிப்பை அடுப்படி வாசலிலிருந்து ராமலெட்சுமி பார்த்துக்கொண்டு நின்றாள். இவர்கள் விடிய விடிய முழித்துவிட்டு, கடைசியில் டாக்டரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மருந்து வந்த வழியே போய்விடும். அதை நினைத்ததும்தான் அவள் வாய் திறந்தாள்.

"கைப்பிள்ளைக்குச் சீக்குன்னா பிள்ளைக்கா மருந்து குடுக்கோம்? தாய்தான் மருந்து திங்கிறா, தாய்தான் பத்தியம் இருக்கா. பிள்ளைக்குத் தேவலையாகுதுல்ல?"

எல்லாத் தலையும் அடுப்படிப் பக்கம் திரும்பியது.

"கட்டுனவ பாதி ஒடம்புன்னு நீங்கதான சொல்லுதீக. இந்த ஒடம்புல காப்பு இல்ல. இரும்பு படட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் காதெல்லாம் முற்றத்தில் இருந்தது.

முதலில் யாரோ ஒருத்தர் "அது நாயந்தான்" என்றார். பூசாரி கண்ணை மூடித் திறந்தார். காப்புக் கட்டின புருஷனுக்காக மனைவி மொட்டை போட்டிருக்கிறாள், அங்கப்பிரதட்சணம் செய்திருக்கிறாள், ஊசி மட்டும் ஏன் ஆகாது என்று அவருக்கே உதித்தது போலக் கேட்டார். தன் அய்யா காலத்தில் இப்படி ஒன்று நடந்ததாக வேறு சொன்னார். அவர் அய்யா காலத்தில் அந்த ஊர்ப்பக்கம் ஊசியே எட்டிப் பார்த்ததில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அந்த யோசனை பூசாரியுடையது ஆகிவிட்டது. படுக்கப் போகும்போது பொன்னுச்சாமியுடையது ஆகியிருந்தது.

"நான் ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கேன்" என்று ராமலெட்சுமியிடமே சொன்னார்.

"அப்படியா" என்றாள்.

மறுநாள் டாக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். பூசாரி விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு பெட்டியை மூடினார்.

"ஆள் மாத்தி ஊசி போட நான் படிக்கலைங்க. இவருக்குக் கால் வலிச்சா இவர் கால்லதான் போடணும். காப்பு அவுத்ததும் சொல்லி அனுப்புங்க, வாரேன்."

"ஒங்க படிப்பு வேற, எங்க ஆத்தா வேற" என்றார் பூசாரி.

"அப்ப ஆத்தாவையே ஊசி போடச் சொல்லுங்க."

டாக்டர் செருப்பை மாட்டத் தொடங்கிவிட்டார். ராமலெட்சுமிக்கு அழுகை முட்டியது. கெட்டிக்காரத்தனம் பண்ணினோம், படித்த பிள்ளைக்கு மூளை இருக்கும் என்பதை நினைக்கவில்லையே என்று தன்மேலே ஆத்திரம் வந்தது. ஒரு செம்பில் மோரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். அதுவரை உட்கார்ந்து மோர் கடைந்தவள், எழுந்து வைத்த முதல் நாலு அடியைக் கால்விரலில்தான் ஊன்றி வைத்தாள். அது அவளுக்கு ஆறு வருஷப் பழக்கம், தானாக வருவது. டாக்டர் செம்பைப் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்தார். நடையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"அம்மாவை உள்ள உக்காரச் சொல்லுங்க. போட முடியுமான்னு பாத்துட்டுச் சொல்லுதேன். ஆம்பளைக எல்லாம் இங்கனயே இருக்கட்டும்."

அடுப்படிப் பக்கத்து அறையில் அவளை மணைப்பலகையில் உட்காரவைத்துவிட்டு டாக்டர் தரையில் குந்தினார். பெரிய வீட்டுப் பெண்பிள்ளை காலை ஒரு டாக்டர் பிடிக்கிறாரே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவர் குதிகாலின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கினார். ராமலெட்சுமி சத்தம் போடவில்லை. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் மட்டும் வந்துவிட்டது.

"எத்தனை வருசமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அவள் ஆறு விரலைக் காட்டினாள்.

"அவருக்கு?"

ரெண்டு விரலைக் காட்டி, "மாசம்" என்றாள்.

டாக்டர் கொஞ்ச நேரம் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பித்தவெடிப்பும் சேற்றுப்புண் தழும்புமாக இருந்த கால். பிறகு முற்றத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். "போடலாம். ஆனா ஒண்ணு. ஊசி போட்டுக்கிட்டவங்க பத்தியமா இருந்தாத்தான் பலன்."

"என்ன பத்தியம்னாலும் இருப்பா" என்று பொன்னுச்சாமியின் குரல் வந்தது. மற்றவர் இருக்கும் பத்தியத்துக்கு அவர் என்றைக்கும் தயார்தான்.

ஊசி இறங்கியபோது ராமலெட்சுமிக்கு உச்சி மண்டை வரை கிழித்தது. மூன்று பிள்ளை பெற்றதில் ரெண்டு தங்கவில்லை, தங்கிய ஒருத்தி கட்டிக்கொடுத்த ஊரில் இருந்தாள். அதற்கெல்லாம் போடாத சத்தம் இதற்குத் தொண்டை வரை வந்து நின்றது. மரத்துப்போகிற மருந்தும் கலந்திருக்கிறது, கொஞ்சம் பொறுங்க அம்மா என்றார் டாக்டர். ரெண்டு நாள் வலி கூடுதலாக இருக்கும், அப்புறம் தணியும், ஊசி வலியை அடக்குமே தவிர காலைப் பழையபடி வதைத்தால் திரும்பி வரும் என்றும் சொன்னார். வெளியே வந்து பத்தியத்தை அடுக்கினார். ரெண்டு வாரம் சுமை தூக்கக்கூடாது. நாழிக்கணக்கில் நிற்கக்கூடாது. வெறுங்காலோடு தரையில் மிதிக்கவே கூடாது, உள்ளே மெத்தென்று ரப்பர் வைத்துத் தைத்த செருப்பு வேண்டும், அது எப்போதைக்கும்.

"செருப்பா? பொம்பளைக்கா?" என்றான் இருளாண்டி.

ஒத்தப்பனையேந்தலில் எந்தப் பெண்ணும் செருப்புப் போட்டதில்லை. போட்டால் மழை பெய்யாது என்பார்கள். போடாத காலத்தில் அங்கே என்ன கொட்டியதென்று யாரும் கேட்டதில்லை.

"ஏலே, அவ காலுக்கா வாங்குதேன்? எங்காலுக்கு வாங்குதேன்" என்றார் பொன்னுச்சாமி. ராமநாதபுரத்துக்கு ஆள் போய், ரெண்டாம் நாள் செருப்பு வந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ராமலெட்சுமி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பொன்னுச்சாமியின் அக்காள் வீரலட்சுமி, புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷமாக ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதவள், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்குப் போனாள். முதல் நடையிலேயே, "எம்மாடி, இந்தத் தூரத்தையா தெனமும் நடக்கா" என்று வந்து விழுந்தாள். ராமலெட்சுமி அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தால் போதும், பொன்னுச்சாமி பதறுவார்.

"ஏ புள்ள, நிக்காத, நிக்காத. நீ நின்னா எனக்கு வலிக்கும்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் நின்றது அவருக்கு வலித்ததே இல்லை. ராமலெட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எருக்கிலைச் செங்கலை ஆள் வைத்துத் தூரப் போடச் சொன்னாள். டாக்டர் சொன்னது போலவே ரெண்டு நாள் உயிர் போனது. மூன்றாம் நாள் தணிந்தது. ஐந்தாம் நாள் காலையில் முதல் அடி வைத்தபோது ஆணி இல்லை. நம்பாமல் மறுபடியும் உட்கார்ந்து எழுந்து வைத்துப் பார்த்தாள். அப்போதும் இல்லை.

ஆனால் ஒன்று. தினமும் விடிந்ததும் அவள் கண் விழிக்கும் முன்னால் பொன்னுச்சாமி வந்து கட்டிலோரம் நிற்பார். அவள் காலைப் பார்த்துக்கொண்டே, "வலிக்குதா?" என்று கேட்பார். வலிக்கலை என்றால், அப்படியானால் தன் கால் மட்டும் ஏன் வலிக்கிறது என்ற குழப்பம் முகத்தில் தெரியும். தெரிந்தும் வெளியே சொல்ல மாட்டார். சொன்னால் ஆத்தா பொய், பூசாரி பொய், அவர் கண்டுபிடித்த வழி பொய். "எனக்கும் கொறஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு போவார்.

முதல் நாள் அந்தக் கேள்வி அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. நாலாம் நாள் எரிச்சலாக இருந்தது. எட்டாம் நாள், அவர் வரக் கொஞ்சம் தாமதமானபோது, அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்துக் கிடந்தாள். அது தனக்காகக் கேட்கிற கேள்வி இல்லை என்று அவள் புத்திக்கு நன்றாகத் தெரியும். காதுக்குத்தான் தெரியவில்லை. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று தன்னை நினைத்து வெட்கப்பட்டாள்.

பொங்கலன்று பொன்னுச்சாமி சட்டி எடுத்தார். தெருவெல்லாம் சரளைக்கல், வெயிலில் வெந்துகிடந்தது. கையில் நெருப்பு எரிவதை அவர் உணர்ந்ததாகவே தெரியவில்லை. எல்லா நெருப்பும் குதிகாலில் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் தாடை இறுகியது. பின்னாலேயே ரெண்டாவது சட்டியோடு வந்த இருளாண்டி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, குதிகாலையே பார்த்துக்கொண்டு வந்தான். பொன்னுச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். ஊருணிக் கரையில் ஒரு தரம் தள்ளாடினார். "ஆத்தா வந்துட்டா" என்று பூசாரி சத்தம் போட்டு, உடுக்கையை ஓங்கி அடித்து அதைச் சமாளித்தார். சட்டியைக் கோயிலில் இறக்கியதும் ஊரே வாய் பிளந்தது. பொண்டாட்டிக்குப் போட்ட ஊசி புருஷனை நடக்கவைத்துவிட்டது. ரெண்டு மூன்று பேர் தங்கள் முழங்கால் வலிக்கு வீட்டுக்காரியை முதுகுளத்தூர் அனுப்பலாமா என்று அங்கேயே விசாரித்தார்கள். அவர்களுடைய வீட்டுக்காரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காப்பு அவிழ்த்த மூன்றாம் நாள் பொன்னுச்சாமி யாருக்கும் தெரியாமல் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. ராமலெட்சுமியும் கூடப் போனாள். மதராசிலிருந்து அடுத்த மருந்து வந்திருந்தது. இந்தத் தடவை ஊசி சரியான காலில் இறங்கியது. பொன்னுச்சாமி டிஸ்பென்சரிக் கூரை பறக்கிற மாதிரி அலறினார்.

கொஞ்சம் ஆசுவாசமானதும், "அன்னைக்கு இவளுக்குப் போட்டீகளே, வேற ஊசியா? ஒரு சத்தம் வரலையே" என்று கேட்டார்.

டாக்டருக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை இருந்தது. "அதே ஊசிதான். ஆறு வருசம் அந்த வலியோட ஒங்களுக்குத் தண்ணி சுமந்தவங்க அவங்க. அவங்க வலிக்குத்தான் போட்டேன், அவங்களுக்குத்தான் கேட்டுச்சு. பொண்டாட்டி கால்ல போட்டா புருசனுக்குக் கேக்கும்னு எந்த ஊர்லயும் கெடையாதுங்க."

வருகிற வழியெல்லாம் பொன்னுச்சாமி பஸ் சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். ராமலெட்சுமி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஆறு வருஷம் என்று கேட்டுவிட்டார். இனி ஏதாவது சொல்வார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு அவர் வாயைத் திறந்தார்.

"அப்ப எம்மருந்தை நீ களவாண்டுட்ட."

அவ்வளவுதான் அந்த மனுஷனுக்குக் கிடைத்தது. டாக்டர் சொன்ன ஆறு வருஷத்திலிருந்து அவர் பொறுக்கி எடுத்தது தன்னுடைய மருந்தை மட்டும்தான்.

"ஊரு முன்னால நொண்டிக்கால வச்சுக்கிட்டு என்னைய நெருப்புல நடக்கவிட்டுட்டு, நீ செருப்புப் போட்டுக்கிட்டுக் கட்டில்ல உக்காந்திருந்த" என்றார். "வலிச்சா ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன்."

"எப்ப சொன்ன?"

"ஒங்க தங்கச்சி மக சடங்கு முடிஞ்சு வந்த அன்னைக்குச் சொன்னேன். காலு ஊன முடியலைன்னேன். வெத்தலைச் செல்லத்தை எடுத்தான்னீக. எடுத்தாந்தேன்."

பொன்னுச்சாமி அவளை வெறித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வெற்றிலை கேட்டதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்.

"போதும். செருப்பைக் கழட்டி வீசு. நாளையிலருந்து எங்கக்கா தண்ணிக்குப் போகமாட்டா, நீ போ."

ராமலெட்சுமி செருப்பைக் கழற்றவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"போறேன். ஊருணிக்கரையில கேப்பாக, ஏன் பத்தியத்தை விட்டேன்னு. என்னன்னு சொல்ல? ஊசி எனக்குத்தான் கேட்டுச்சு, அவுகளுக்குக் கேக்கலை, காப்பு ஒடம்போட பொய் சொல்லிக்கிட்டு நொண்டிக் காலோடதான் மொதச் சட்டி எடுத்தாக, இப்பக் களவா போயி வேற ஊசி போட்டுட்டு வந்திருக்காகன்னு சொல்லவா? இருளாண்டி பொண்டாட்டி அங்கனதான் துணி தொவைக்கா."

அந்த நேரம் பார்த்து வாசலில் இருளாண்டியின் குரல் கேட்டது.

"அண்ணே, விடியக்காலம் பஸ்ஸுல பாத்ததாச் சொன்னாக. காலு எதுவும் மறுபடி தொந்தரவா?"

ராமலெட்சுமி கதவைத் திறந்துவிட்டு, செருப்புக் காலோடு ஓரமாக நின்றாள். பொன்னுச்சாமி தொண்டையைச் செருமினார்.

"எனக்கென்னடா, கல்லு மாதிரி இருக்கேன். ஒங்க மதினிக்குத்தான் பத்தியம் நீடிக்கணும்னுட்டாரு டாக்டர். அவ காலை டாக்டர்ட்டக் காட்டத்தான் போனோம். எங்காலு நல்லா இருக்கணும்னா அவ செருப்பைக் கழட்டக் கூடாதாம். சுமையும் தூக்கக்கூடாதாம்."

"எத்தனை நாளைக்கு?" என்றான் இருளாண்டி.

பொன்னுச்சாமி மனைவியைப் பார்த்தார்.

"ஆயுசுக்கும்" என்றாள் அவள்.

வீரலட்சுமி உள்ளேயிருந்து குடத்தைத் தரையில் போட்ட சத்தம் கேட்டது. இருளாண்டி தலையைச் சொறிந்துகொண்டு போனான். அன்று முழுக்க ராமலெட்சுமிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மீசை முறுக்கிய ஊர் முழுவதையும் ஒரு குதிகாலில் உட்காரவைத்துவிட்டோம் என்ற திமிர் அவளுக்கு இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

பொன்னுச்சாமிக்கும் அந்த ஊசி மூன்றாம் நாள் கேட்டது. நாலாம் நாள் விடிகாலையில் அவர் எழுந்திருக்கிற சத்தம் ராமலெட்சுமிக்குக் கேட்டது. தரையில் ஓர் அடி வைத்தார். நின்றார். இன்னோர் அடி வைத்தார். "அட" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு நொண்டாமல் அவள் கட்டிலைத் தாண்டி, தாழ்ப்பாளைத் திறந்து, தெருவுக்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகும் ராமலெட்சுமி கண்ணை மூடியே கிடந்தாள். எதற்காக மூடிக்கொண்டு கிடக்கிறோம் என்பது கொஞ்சம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. அந்த ஆளுக்காகப் போய், அதுவும் "வலிக்குதா" என்ற அந்தக் கேள்விக்காகக் காத்துக் கிடந்திருக்கிறாள். "தூ" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள். ஊரையே ஏமாற்றியவளுக்கு இந்தக் காதை ஏமாறாமல் வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தோடு அழுகையும் வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் கொஞ்சம் அழுதாள்.

பிறகு எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டுக் குனிந்து பார்த்தாள்.

"வலிக்குதாடி?" என்று கேட்டாள்.

வீட்டில் வேறு யாரும் கேட்கப்போவதில்லை.